கடன் பலகையும் மித்திராஸ் கோயிலும்: இலண்டன் நூதனசாலை ஒன்றனை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நூதனசாலை என்பது பழம்பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம் மாத்திரமன்று. கடந்த காலத்தைக் குறிப்பிட்டதொரு முறையில் வாசிக்குமாறு பார்வையாளரைப் பழக்கும் இடமுமாகும். எப்பொருள் நடுவில் வைக்கப்படுகிறது, எப்பொருள் சுவரோரத்தில் ஒதுங்குகிறது, எதற்கு ஒளி பாய்ச்சப்படுகிறது, எதற்கு இரண்டு வரி விளக்கம் போதுமெனக் கருதப்படுகிறது என்பவையெல்லாம் வரலாறு பற்றிய தீர்ப்புகளே. பெரிய தேசிய நூதனசாலைகளில் இத்தீர்ப்புகள் எண்ணற்ற பொருள்களிடையே மறைந்துவிடுகின்றன. ஒரே அகழ்விடத்தைச் சார்ந்த சிறிய நூதனசாலைகளில் அவை தெளிவாகப் புலப்படும். இலண்டன் மாநகரின் நிதி நிறுவனங்கள் செறிந்த பகுதியில், 2017ஆம் ஆண்டு நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மித்திராஸ் கோயில் நூதனசாலையை இந்நோக்கிற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக நாம் இங்கு கொள்கின்றோம்.

இந்நூதனசாலை தனிக்கட்டடமன்று. நிதிச்சந்தைத் தகவல்களை விற்பனை செய்யும் புளூம்பேர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகத்தின் அடியில், இன்றைய தெருமட்டத்திலிருந்து ஏறத்தாழ 7 மீற்றர் ஆழத்தில் அது அமைந்துள்ளது. கட்டணம் எதுவும் அறவிடப்படுவதில்லை. தெருமட்டத்தில் 600க்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்ட உயர்ந்த கண்ணாடிப் பேழை ஒன்று சுவரை நிறைத்து நிற்கின்றது. அங்கிருந்து படிகளில் இறங்கினால் இடைத்தளமொன்று வருகின்றது. அதற்குங் கீழே, இருளில், மித்திராஸ் என்னும் தெய்வத்துக்குக் கி.பி. 240 அளவிற் கட்டப்பட்ட கோயிலின் அடிச்சுவர்கள் உள்ளன. மங்கலான ஒளி, செயற்கைப் புகார், இலத்தீன் மொழியில் ஓதும் குரல்கள் ஆகியவற்றின் துணையோடு அக்கோயில் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றது.

கோயில் வெளிப்பட்ட வரலாறு

இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சினால் அழிந்த பகுதிகளில் புதிய கட்டடங்கள் எழுவதற்கு முன்னர் இலண்டனின் பழைய படைகளை ஆராயும் வாய்ப்புத் தொல்லியலாளருக்குக் கிட்டியது. டபிள்யூ. எப். கிறைம்ஸ் என்பாரின் தலைமையில் வோல்புறூக் என்னும் மறைந்துபோன சிற்றோடையின் கரையில் நடைபெற்ற அகழ்வில், 18 மீற்றர் அளவு நீளமான கட்டடமொன்றன் அடித்தளம் வெளிப்பட்டது. பக்கத்துக்கு ஏழாக நின்ற தூண்களின் அடிகளும் அரைவட்ட வடிவான முடிவிடமும் அதிற் காணப்பட்டன. அது எவ்வகைக் கட்டடம் என்ற ஐயம் 1954 செப்டெம்பர் 18ஆம் தேதி நீங்கியது. அகழ்வு முடிவடையவிருந்த அந்நாளில் மித்திராஸ் தெய்வத்தின் சலவைக்கற் தலை கிடைத்தது. செய்தி பத்திரிகைகளில் வெளியானதும் மக்கள் திரள் திரளாக வந்து வரிசையில் நின்றனர். ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அதனைக் கண்டனர் என்பது மதிப்பீடு. கோயிலைக் காப்பாற்றுவதா, திட்டமிட்டபடி அலுவலகக் கட்டடத்தை எழுப்புவதா என்ற வினா பிரதமர் சேர்ச்சிலின் அமைச்சரவை வரை சென்றது.

முடிவில் அலுவலகக் கட்டடமே எழுந்தது. கோயிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1962இல் மூல இடத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றருக்கு அப்பால், திறந்த வெளியிலே, நவீன சீமெந்துச் சாந்து கொண்டு மீண்டும் அடுக்கப்பட்டன. பழைய தளத்துக்குச் சற்றும் பொருந்தாத கற்பாவல் ஒன்றும் இடப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கோயில் இக்கோலத்திலேயே நின்றது. புளூம்பேர்க் நிறுவனம் அந்நிலத்தைப் பெற்ற பின்னர், 2010க்கும் 2014க்கும் இடையில் இலண்டன் நூதனசாலைத் தொல்லியற் பிரிவினர் அங்கு மீண்டும் அகழ்வு நடத்தினர். 14,000 அளவிலான பொருள்கள் கிடைத்தன. கோயிலும் மூல இடத்துக்கு மிக அண்மையில், மூல ஆழத்தில், 1954ஆம் ஆண்டுப் பதிவுகளைத் துணைக்கொண்டு திருத்தமாக மீளமைக்கப்பட்டது.

1954இல் இயலாதது 2010க்குப் பின் எவ்வாறு இயன்றது? தனியொரு நிறுவனத்தின் தாராள மனத்தைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆயின் அது முழுமையான விடையாகாது. 1989இல் ஷேக்ஸ்பியர் காலத்து றோஸ் அரங்கின் எச்சங்கள் இலண்டனில் வெளிப்பட்டபோது அவற்றைக் காக்கக் கோரி எழுந்த கிளர்ச்சியும், அதனையடுத்து 1990இல் இங்கிலாந்தில் வெளியான திட்டமிடல் வழிகாட்டலும் இவ்விடயத்தில் முக்கியமானவை. நிலத்தைப் புதிதாகக் கட்டுபவரே அங்குள்ள தொல்லியற் படைகளை ஆராய்வதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற நடைமுறை அதன்பின்னரே வேரூன்றியது. எனவே, இந்நூதனசாலை தனியார் மூலதனத்தின் பேறாக மாத்திரமன்றிப் பொதுமக்கள் கிளர்ச்சியின் பேறாகவும் கருதப்படல் வேண்டும். ஆனால், செலவை யார் ஏற்பது என்பதை வரையறுத்த அவ்வழிகாட்டல், கிடைத்த பொருள்களைக் கொண்டு எவ்வரலாற்றைச் சொல்வது என்பதை வரையறுக்கவில்லை.

இருவேறு இலண்டன்கள்

படிகளில் இறங்கிச் செல்பவர், கீழே செல்லச் செல்லக் காலத்தாற் பின்னோக்கிச் செல்வதாக எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. ஆழத்தில் உள்ள கோயில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே கண்ணாடிப் பேழையிலுள்ள பொருள்களுட் பல கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரியவை, கோயிலுக்கு முந்திய படைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. காட்சியமைப்பு இவ்விரு காலங்களையும் ஒரே 'உரோம இலண்டன்' ஆக்கிவிடுகின்றது. அவற்றைப் பிரித்து நோக்குவது நமது முதற் கடமையாகும்.

மித்திராஸ் வழிபாடு உரோமப் பேரரசெங்கும் பரவியிருந்தது. தெய்வத்தின் பெயர் ஈரானிய மரபுக்குரியது. வேதங்களிற் காணப்படும் மித்திரன் என்ற பெயரோடு உறவுடையது. ஆயின் குகைபோன்ற இருண்ட மண்டபம், காளையைக் கொல்லும் தெய்வம், ஏழு படிநிலைகளாக வகுக்கப்பட்ட அடியார் குழாம் என்று நாம் இன்று அறியும் உருவத்தில் அது உரோமச் சூழலிலேயே வளர்ந்தது. பெண்களுக்கு அங்கு இடமில்லை. படைவீரர், வணிகர், அரசாங்க அலுவலர், விடுவிக்கப்பட்ட அடிமைகள் ஆகியோர் இதிற் பெரிதும் ஈடுபட்டனர். வோல்புறூக்கில் 1889இலேயே கிடைத்த காளைவதைச் சிற்பமொன்று, உல்பியஸ் சில்வானஸ் என்ற ஓய்வுபெற்ற படைவீரன் நேர்த்திக்கடனாக வைத்ததாகும். வெவ்வேறு நிலங்களிலிருந்து வந்து, உறவும் ஊரும் இழந்த ஆடவர் சிலர் தமக்கெனவோர் உறவுக் குழுவைப் படிநிலை ஒழுங்கோடு அமைத்துக்கொண்டமையையே இக்கோயில் காட்டுகின்றது எனலாம்.

முதலாம் நூற்றாண்டின் இலண்டன் வேறொரு நகரம். கி.பி. 43இல் கிளோடியஸ் பேரரசன் காலத்திற் பிரித்தானியா மீது படையெடுப்பு நிகழ்ந்தது. சில ஆண்டுகளுள், கி.பி. 50 அளவில், தேம்ஸ் நதிக்கரையில் லொண்டினியம் தோன்றியது. கி.பி. 60 அல்லது 61இல் பூடிக்கா அரசியின் தலைமையிற் கிளர்ந்தெழுந்த பிரித்தானியக் குடிகள் அதனை எரித்தழித்தனர். அந்நகர் குடியேற்ற நகரம் என்ற தகுதியைப் பெறாவிடினும் வணிகரும் சரக்குகளும் மிகுந்து புகழ்பெற்றிருந்தது என்று வரலாற்றாசிரியர் தாசித்தஸ் அவ்வழிவைக் கூறுமிடத்துக் குறிப்பிடுகின்றார். படை வென்ற நிலத்தில் வணிகம் உடனடியாக வேரூன்றியது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று, அண்மைக் காலம்வரை நமக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தாணித் தடங்கள்

அச்சான்று வோல்புறூக்கின் சேற்றிலிருந்து வந்தது. நீர் ஊறி, உயிர்வளி புகாதிருந்த அச்சேற்றில், வேறிடங்களில் உக்கி மறைந்துவிடும் தோலும் மரமும் அழியாது நின்றன. செருப்புகள், கருவிகள், மரக்கதவு ஆகியவற்றோடு 405 மரப்பலகைகளும் அங்கு கிடைத்தன. இவை எழுதுபலகைகள். பலகையின் நடுப்பகுதியை மெல்லிதாகக் குழிவாக்கிக் கருமை கலந்த தேன்மெழுகை அதில் நிரப்புவர். எழுத்தாணியினால் மெழுகின்மேற் கீறி எழுதுவர். தேவை முடிந்ததும் மெழுகை நிரவி மீண்டும் எழுதலாம். மெழுகு இன்று எஞ்சவில்லை. ஆனால் அழுத்தி எழுதியவிடத்து எழுத்தாணி மெழுகையும் ஊடுருவி மரத்திற் கீறல்களை விட்டுச் சென்றது. ஒரே பலகையிற் பலமுறை எழுதப்பட்ட கீறல்கள் ஒன்றன்மேலொன்றாக விழுந்திருப்பதும் உண்டு. ஓலைச்சுவடிகளை ஒளிக்குச் சாய்த்துப் பிடித்து வாசித்துப் பழகியோர்க்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். பல திசைகளிலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் முறையைக் கையாண்டு, றோஜர் ரொம்லின் என்னும் அறிஞர் எண்பதுக்கு மேற்பட்ட பலகைகளை வாசித்து 2016இல் நூலாக வெளியிட்டார். பலகைகளுட் பெரும்பாலானவை, வெளிநாடுகளிலிருந்து சரக்கேற்றி வந்த மரப்பீப்பாக்களின் பலகைகளை மீண்டும் அறுத்துச் செய்யப்பட்டவை என்பதும் குறிப்பிடத்தக்கது. எழுதிய செய்தி மாத்திரமன்று, எழுதப்பட்ட மரமுங்கூட வணிகத்தின் எச்சமாகும்.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது கி.பி. 57 சனவரி 8ஆம் தேதியைக் கொண்ட பலகை. பிரித்தானியாவில் தேதியோடு கிடைத்த கையெழுத்து ஆவணங்களுள் இதுவே மிகப் பழையது. அதன் பொருள் ஒரு கடன் உறுதி. வெனுஸ்தஸ் என்பவனால் விடுவிக்கப்பட்ட அடிமையாகிய திபுல்லஸ், ஸ்பூரியஸ் என்பவனால் விடுவிக்கப்பட்ட அடிமையாகிய கிராத்தஸுக்கு, விற்று ஒப்படைக்கப்பட்ட சரக்கின் விலையாக 105 தெனாரியஸ் வெள்ளி நாணயங்கள் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளதாகத் தன் கையால் எழுதி ஒப்புக்கொள்கின்றான்.

பிற பலகைகளும் இத்தகையனவே. கி.பி. 62 ஒக்டோபர் 21ஆம் தேதிய ஒப்பந்தமொன்று, வெருலாமியம் என்னும் ஊரிலிருந்து இருபது சுமை உணவுப்பொருள்களை நவம்பர் 13ஆம் தேதிக்கு முன் இலண்டனுக்குக் கொண்டுவருவது பற்றியது. இவ்விரு ஊர்களுமே பூடிக்காவின் கிளர்ச்சியில் எரிந்தவை. இரண்டாண்டு கழியுமுன்னரே அவற்றிடையே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. நகரத்தின் மிக முந்திய ஆண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கடிதமொன்று, நீ கடன் கொடுத்ததைச் சிலர் சந்தையெங்கும் சொல்லித் திரிகின்றனர், உன் மதிப்பைக் காத்துக்கொள் என்று நண்பனொருவனை எச்சரிக்கின்றது. புளோரெந்தினஸ் என்ற அடிமை, தன் எசமானின் ஆணைப்படி, பண்ணையொன்றிலிருந்து இரு தவணைப் பணம் பெற்றுக்கொண்டதாகப் பற்றுச்சீட்டு எழுதுகின்றான். மதுவடிப்போன், பீப்பாச் செய்வோன் ஆகியோரின் பெயர்களும் வருகின்றன. 'இலண்டனில் உள்ள மொகொந்தியஸுக்கு' என்ற முகவரி, அந்நகரின் பெயர் எழுத்தில் தோன்றும் மிகப் பழைய இடமாகும்.

விடுவிக்கப்பட்டோர் எவ்வாறு வணிகராயினர்?

கடன் பலகையை 'இலண்டனின் முதலாவது நிதி ஆவணம்' என்று போற்றும் வழக்கம் உண்டு. நிதித் தலைமையகத்தின் அடித்தளத்தில் அது காட்டப்படும்போது, இரண்டாயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் ஒரே தொழில் இடையறாது நடந்து வருகின்றது என்ற எண்ணம் பார்வையாளர் மனத்திற் படிவது இயல்பே. இத்தொடர்ச்சி முற்றிலும் பொய்யன்று. ஆனால், அது பலகையின் முக்கியமான சொல்லைத் தாண்டிச் செல்கின்றது. திபுல்லஸும் கிராத்தஸும் தம்மை வணிகர் என்று அறிமுகஞ் செய்யவில்லை. இன்னாரால் விடுவிக்கப்பட்டவன் என்பதே சட்டத்தின் முன் அவர்களது அடையாளம்.

உரோமச் சமுதாயத்திற் செல்வத்தின் மதிப்புக்குரிய வடிவம் நிலவுடைமை. செனற் அவையினரும் அவர்தம் புதல்வரும் பெருஞ்சரக்குக் கப்பல்களை வைத்திருத்தலாகாது என்ற சட்டம் கி.மு. 218இலேயே இயற்றப்பட்டது. இலாபத்தை விரும்பிய உயர்குடியினர் வணிகத்தின் இழுக்கு தம்மைச் சாராதவாறு பிறர்மூலம் அதனை நடத்தினர். அப்பிறராக வாய்த்தோர் அடிமைகளும் விடுவிக்கப்பட்டோருமே. எழுத்தும் கணக்கும் பயின்ற அடிமைக்கு எசமான் சிறு முதலொன்றைக் கையாளக் கொடுப்பான். அவன் அதனைப் பெருக்கித் தன் விடுதலையை விலைகொடுத்துப் பெறவுங் கூடும். விடுதலை பெற்றபின்னரும் முன்னாள் எசமானுக்கு மரியாதையும் சேவையும் செலுத்தும் கடப்பாடு தொடர்ந்தது. எனவே, திபுல்லஸ் எழுதிய கடனுக்குப் பின்னால் வெனுஸ்தஸின் முதலும் நலனும் நின்றிருத்தல் கூடும். இவர்களைச் சுதந்திரச் சந்தையின் முன்னோடிகளாகக் காண்பது பொருந்தாது. அடிமை முறையின் உள்ளேயே இயங்கிய முகவர்கள் எனல் பொருந்தும்.

கடன் என்பது வெற்றியின் ஆயுதமாகவும் இயங்கியது. தத்துவஞானியும் நீரோ மன்னனின் ஆசானுமாகிய செனெக்கா, பிரித்தானியருக்கு நான்கு கோடி செஸ்தெர்சியஸ், அதாவது ஒரு கோடி தெனாரியஸ், கடனாகக் கொடுத்து, அதனை ஒருசேரத் திருப்பிக் கேட்டமை பூடிக்காவின் கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்று என்று வரலாற்றாசிரியர் டியோ எழுதியுள்ளார். தொகை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். எனினும், கி.பி. 57இல் இரு விடுவிக்கப்பட்டோர் தமக்குள் 105 நாணயங்களுக்குப் பலகை எழுதிக்கொண்ட காலமும், வெல்லப்பட்ட குடிகள் கடனால் நெருக்கப்பட்ட காலமும் ஒன்றே. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கூறாதுவிடின் அது அரை வரலாறாகவே அமையும்.

இவ்விடத்தில், அந்நூதனசாலையில் இல்லாத வேறொரு பலகையையும் அருகில் வைத்து வாசித்தல் வேண்டும். அங்கிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில், போல்ற்றி வீதி அகழ்வில் 1994இல் அது கிடைத்தது, கி.பி. 75க்கும் 125க்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படுகின்றது. அது ஓர் அடிமை விற்பனை உறுதி. பேரரசனின் அடிமையாகிய மொந்தானஸ் என்பவனுக்குத் துணையடிமையாக இருந்த வெகெத்தஸ், வடமேற்குக் கோல் நாட்டுத் தியாப்லிந்தெஸ் இனத்தவளாகிய போர்த்துனாத்தா என்னும் பெண்ணை 600 தெனாரியஸுக்கு வாங்கியுள்ளான். சாதாரண படைவீரனொருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸாகவும், டொமிசியன் மன்னன் காலத்தின் பின் 300ஆகவும் இருந்தமையோடு ஒப்பிட்டால், அவளது விலை ஈராண்டுச் சம்பளத்துக்குக் குறையாதது. அவள் உடல்நலம் உடையவள், ஓடிப்போகும் இயல்பு அற்றவள் என்று விற்பவன் உறுதி கூறுகின்றான். அவளது பெயரைக் குறிப்பிட்டபின், அல்லது வேறெப் பெயரால் அழைக்கப்படினும் என்ற கருத்துடைய சட்டத்தொடரும் சேர்க்கப்பட்டுள்ளது. போர்த்துனாத்தா என்பது 'நற்பேறு பெற்றவள்' என்று பொருள்படும். அடிமைகளுக்கு இடப்பட்ட வழக்கமான பெயர்களுள் ஒன்று. ஓர் அடிமையின் அடிமையாக அவள் வாங்கப்பட்டாள் என்பது, இம்முறையின் படிநிலைகள் எத்துணை ஆழமாகச் சென்றன என்பதைக் காட்டுகின்றது. வாங்கியவன் எழுத்தறிவும் கைமுதலும் உடையவன். வாங்கப்பட்டவள் ஆவணத்தின் பொருளாக மாத்திரம் இடம்பெறுகின்றாள்.

அதே நாணயம், வேறொரு கரை

இத்தகையோரின் நடமாட்டம் பேரரசின் மேற்கெல்லையோடு நின்றுவிடவில்லை. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனின் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவன், அராபியாவைச் சுற்றிச் செல்கையிற் காற்றினால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் என்னும் இலங்கைத் தீவின் ஹிப்பூரோஸ் துறையை அடைந்தான் என்று பிளினி கூறுவது நம் வாசகர் பலர் அறிந்ததே. அத்துறையைக் குதிரைமலையோடு இணைப்போர் உளர். ஆறு மாதம் அரசனின் விருந்தினனாக அவன் தங்கினான் என்றும், வெவ்வேறு மன்னரின் உருவம் பொறித்த தெனாரியஸ் நாணயங்கள் யாவும் ஒரே எடையாக இருந்தமை கண்டு அரசன் வியந்து, கிளோடியஸிடம் நான்கு தூதரை அனுப்பினான் என்றும் அக்குறிப்புத் தொடர்கின்றது. கதையில் மிகைகள் உண்டு. ஆனால், அக்குடும்பத்தின் அடிமையாகிய லிசாஸ் என்பவன் கி.பி. 6இற் பொறித்த கல்வெட்டு எகிப்தின் கிழக்குப் பாலைவழியிற் கிடைத்துள்ளமையால், அதன் பின்னணி மெய்யானது என்பது தெளிவு.

தேம்ஸ் நதிக்கரையிற் கடனாக எழுதப்பட்டதும், இலங்கை அரசவையில் எடைபார்க்கப்பட்டதும் ஒரே நாணயம். காலமும் ஏறத்தாழ ஒன்றே. அதனைக் கொண்டுசென்றோரின் சமூக நிலையும் ஒன்றே. வேறுபாடு யாதெனில், அன்னியஸின் பெயரையும் தலைமைத் தூதரின் பெயரையும் தந்த பிளினி, கடல்கடந்து வந்த அம்மனிதனின் பெயரைத் தரவில்லை என்பதேயாகும். உயர்குடி அறிஞரின் நூலில் அவன் இன்னாரின் விடுவிக்கப்பட்டவன் மாத்திரமே. இலண்டன் சேற்றில் திபுல்லஸும் கிராத்தஸும் பெயரோடு எஞ்சியமைக்குக் காரணம், அங்கு அவர்கள் தாமே எழுதினர் என்பது. நூல்களால் மாத்திரம் எழுதப்படும் பண்டைய வரலாற்றைத் தொல்லியல் எங்ஙனம் திருத்துகின்றது என்பதற்கு இதனை நல்லதோர் உதாரணமாகக் கொள்ளலாம்.

ஆகவே, இலண்டனுக்குச் செல்லும் வாய்ப்புடையோர் கோயிலின் ஒளிக்காட்சியோடு திருப்தியுறாது, கண்ணாடிப் பேழையின் முன்னர் நீண்டநேரம் நிற்றல் வேண்டும். புகாரும் ஓதலும் நம்மை வியப்பிலாழ்த்துகின்றன. பலகைகள் நம்மைக் கேள்வி கேட்கத் தூண்டுகின்றன. இச்சரக்கை விளைவித்தவர் யார், சுமந்தவர் யார், இக்கடனின் இலாபம் ஈற்றில் யாரைச் சேர்ந்தது என்ற கேள்விகளை விளக்கக் குறிப்புகள் எழுப்பாவிடின், அவற்றைப் பார்வையாளரே எழுப்புதல் வேண்டும். நமது நாட்டின் நூதனசாலைகளிலும் நாணயங்கள் மன்னர் பெயரின்கீழ் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றைக் கைமாற்றியவரின் வரலாற்றைத் தேடும் முயற்சிக்கு, வோல்புறூக்கின் சேறு தந்த சான்றுகள் ஊக்கமளிக்குமென நம்புகின்றோம்.